ஏழாம் எண்ணின் நாற்பத்தொரு விநாடி

ஜனவரி 11

அக்கா,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத இன்று மனசு வரவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். நான் நன்றாக இல்லை. அதற்குக் காரணம் நீ.

உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். நாலைந்து தடவை கூப்பிட்டுப் பார்த்திருப்பாய். இனி உன்னோடு போனில் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஏன் என்று இதைப் படித்து முடிப்பதற்குள் தெரிந்துவிடும். காகிதத்தில் எனக்குத் திக்காது என்பது உனக்குத் தெரியாததா? அதனால் காகிதத்திலேயே திட்டுகிறேன்.

போன சனிக்கிழமை எங்கள் திக்குவாய்க்காரர்கள் கூட்டம். மாதம் ஒருமுறை நூலக மாடி அறையில் கூடுவோம் என்று சொல்லியிருக்கிறேனே, அதுதான். பதினெட்டு பேர் வந்திருந்தார்கள். பேச்சுப் பயிற்சி படிக்கும் மாணவி ஒருத்தி மடிக்கணினியோடு வந்தாள். நல்ல பெண். திக்கலை எப்படி அளக்கிறார்கள் என்று காட்டப்போவதாகச் சொல்லி, ஆளுக்கொரு பொத்தான் கருவியைக் கையில் கொடுத்தாள். திக்கல் தொடங்கும்போது அழுத்த வேண்டும், முடியும்வரை விடக்கூடாது. எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. வாழ்நாள் முழுக்க ஊர் எங்களை எண்ணியது, ஒருநாள் நாங்களும் எண்ணிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தோம்.

மடிக்கணினியில் ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். முதலில் ஒரு பெண் டிக்கெட் கேட்டாள். அடுத்தது ஒருவர் கடையில் ஆணி வாங்கினார். மூன்றாவதைப் போடும் முன் மாணவி சொன்னாள், இவர் ஏழாம் எண், இந்த ஆய்விலேயே மிக நீளமான அடைப்பு, அதாவது சொல் வராமல் நின்ற நேரம், இவருடையதுதான் என்று.

பீப்பாய்க்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு தடித்த குரல். எனக்கு முதலில் பிடிபடவில்லை. பின்னால் ஒரு லிஃப்ட் மணி அடித்தது. பதினோரு வருஷமாக நான் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி மணியில் இரண்டாவது ஒலி பாதியிலேயே செத்துப்போகும். அதை மாற்றச் சொல்லி நானே மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்து அம்மா மூக்கைச் சிந்தினாள். அடுத்து அந்தப் பீப்பாய்க் குரல் "அக்கா, அப்பா" என்றது.

பிறகு ஒன்றும் இல்லை. அறையில் பதினேழு கட்டைவிரல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. நான் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு விநாடி. பிறகு "போயிட்டாரு." பிறகு உன் குரல், "சரி."

"கவனிச்சீங்களா? கேக்கறவங்க எதுவும் எடுத்துக் குடுக்கல. காத்திருந்தாங்க. அதனாலதான் கடைசி வார்த்தை தடங்கலே இல்லாம வந்துச்சு" என்றாள் மாணவி. எல்லோரும் தலையாட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தபால் குமாஸ்தா என் காதருகே குனிந்து, "பாவம், யார் பெத்த புள்ளையோ" என்றார்.

அது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கருவியில் எவ்வளவு வந்தது என்று மாணவி கேட்டாள். நான் அழுத்தவே இல்லை. அவள் அதற்குச் சிரித்தாள்.

அப்பா செத்த சேதியை நான் உனக்குச் சொன்னேன் அக்கா. உன் வகுப்புக்குச் சொல்லவில்லை. இதுவரை எத்தனை வகுப்பில் போட்டாய்? எத்தனை விரல் அழுத்தியிருக்கிறது? எண்ணுவதுதானே உன் வேலை. எண்ணிச் சொல்.

தம்பி

*

ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு முறை படித்தேன். நீ கோபப்படுவதில் ஒரு பகுதி நியாயம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒலிப்பதிவு கல்லூரி வகுப்புக்கு வெளியே போயிருக்கவே கூடாது. அந்த மாணவி விதியை மீறியிருக்கிறாள். அவளுடைய துறைத் தலைவருக்கு எழுதிவிட்டேன்.

மற்றவற்றில் நீ நிதானமாக யோசிக்க வேண்டும். ஆறு மாதம் உன் போனில் ஒரு செயலி ஓடும், நீயும் நானும் பேசுவதெல்லாம் பதிவாகும் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாய். ஏழு பேர் அப்படிப் போட்டார்கள். ஏழாவது ஆள் கிடைக்காமல் நான் திண்டாடியபோது, "நான் இருக்கேன்ல" என்று நீயாகத்தான் வந்தாய். சொந்தத் தம்பியைச் சேர்ப்பதற்கு நெறிமுறைக் குழுவிடம் தனி அனுமதி வாங்கினேன். உன் பதிவுகளை நான் எண்ணவில்லை, என் உதவியாளரும் இன்னொரு கல்லூரிக்காரரும்தான் எண்ணினார்கள். குரலை மாற்றினோம், பெயர்களை நீக்கினோம். லிஃப்ட் மணியை யாரும் அடையாளமாக நினைக்கவில்லை. அது எங்கள் தவறு.

அப்பா அந்த ஆறு மாதத்துக்குள் போவார் என்று யாருக்குத் தெரியும்? நீ கூப்பிட்டபோது செயலி ஓடிக்கொண்டிருந்தது உனக்கும் நினைவில் இல்லை, எனக்கும் இல்லை.

கேட்டாய், சொல்கிறேன். நான்கு வகுப்புகள், நூற்றுப்பன்னிரண்டு மாணவர்கள். ஏன் போடுகிறேன் என்பதையும் கேள். எங்கள் கட்டுரையின் முதுகெலும்பே அந்தப் பதிவுதான். திக்குகிறவருக்குச் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது, கேட்பவர் பொறுத்திருந்தால் எவ்வளவு நீண்ட அடைப்பும் தானாக விடும் என்று பல வருஷமாகச் சொல்லிவருகிறோம். யாரும் நம்பவில்லை. உன் நாற்பத்தொரு விநாடிக்குப் பிறகு நம்புகிறார்கள். பெற்றோர்களுக்கு இப்போது அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏப்ரல் மாநாட்டில் முதல் உரை என்னுடையது. எங்கள் ஆய்வு மையத்துக்கு என்னைத் தலைவராக்குவது பற்றிய பேச்சும் அதை ஒட்டித்தான் நடக்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. மாமா உன் வார்த்தையை முடித்துவைத்தார் என்று தட்டைத் தூக்கி அவர் மேல் எறிந்தாய். நெற்றியில் மூன்று தையல். அன்றைக்கு மாடிப்படியில் என்னைப் பிடித்து உலுக்கி, நீ மட்டும் அப்படிச் செய்யாதே என்று சத்தியம் வாங்கினாய். அந்த வீட்டில் இன்றுவரை உன் வார்த்தையை முடிக்காத ஒரே ஆள் நான். அதற்குப் போய் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறாய்.

போனைத் திறந்து வை. அம்மாவிடம் பேசக்கூட வழியில்லாமல் இருக்கிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 3

அக்கா,

அம்மாவுக்குத் தனிப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டேன். நம்பர் கீழே இருக்கிறது. அதில் எந்தச் செயலியும் இல்லை.

அந்த மாணவியைப் பற்றி ஏன் எழுதிப் போட்டாய்? கத்துக்குட்டி, அவளுக்கு என்ன தெரியும்? நீ கொடுத்ததை அவள் போட்டாள். அவள் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டுக் கை கழுவப் பார்க்காதே.

கையெழுத்துப் போட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. தொழில்நுட்பமாக நீ எழுதியதில் ஒரு பிழைகூட இல்லை. அதைப் படிக்கப் படிக்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது. உன் மாநாடு, உன் கட்டுரையின் முதுகெலும்பு, உன் தலைவர் பதவி எல்லாம் என் நாற்பத்தொரு விநாடியின் மேல் ஏறி நிற்கிறதா? அப்படியானால் ஒன்று சொல்கிறேன், கெட்டியாகப் பிடித்துக்கொள்.

நான் அன்றைக்குத் திக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது என்று கூப்பிடுவார்கள். போனவுடன் நாங்கள் பார்க்கிற முதல் காரியம், அது தானாக மாட்டிக்கொண்டதா, உள்ளே இருக்கிற ஆள் நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருக்கிறாரா என்பது. வெளியே நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான், கதவு திறக்காது. அதனால் உள்ளே இருப்பவரைக் குரல் கொடுத்துக் கேட்போம். கேட்காமல் பழுது என்று பதிவேட்டில் எழுதினால் மேற்பார்வையாளர் செவிளில் அறையாத குறையாகப் பேசுவார். நீ பெரிய படிப்புப் படித்தவள். பதினைந்து மாதத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

நான் நிறுத்தினேன் அக்கா. "அக்கா, அப்பா" என்று சொன்ன பிறகு அடுத்த வார்த்தை என் நாக்கில் தயாராக இருந்தது. எந்த அடைப்பும் இல்லை, தொண்டை இறுகவில்லை. அதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். பகல் முழுக்க டாக்டரிடம், பெரியப்பாவிடம், அந்த ஆம்புலன்ஸ்காரரிடம் என்று நான்தான் அப்பாவின் நிலைமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவரிடமும் திக்கித் திக்கிச் சொன்னேன், ஒவ்வொருவரும் முடித்துவைத்தார்கள். உன்னிடம் வந்தபோது போதும் என்று இருந்தது. நீ கேட்பாய் என்று நினைத்தேன். "போயிட்டாராடா?" என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் "ம்" என்றிருப்பேன். அந்தச் சத்தியத்தை நான்தான் வாங்கினேன். ஒன்பது வயதில் வாங்கியதை முப்பத்துநாலு வயதில் ஒரே ஒரு நாள் நீ மீறக் கூடாதா? ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றுகொண்டு நான் காத்திருந்தேன். நீ பொறுமையாக இருந்தாய். கடைசியில் வேறு வழியில்லாமல் நானே சொன்னேன். அதற்கு நீ "சரி" என்றாய். யாரோ பால்காரரிடம் சொல்கிற மாதிரி, "சரி."

அதை நீ முறை என்கிறாய். வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறாய்.

ஆய்விலிருந்து விலகுகிறேன். விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். காரணம் சொல்லத் தேவையில்லை என்று அதில் அச்சடித்திருக்கிறது. நான் சொல்லிவிட்டேன்.

தம்பி

*

பிப்ரவரி 15

தம்பி,

உன் கடிதத்தையும் படிவத்தையும் பேராசிரியரிடம் காட்டினேன். இந்தக் கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது, காட்டாமல் இருக்க முடியாது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தன் திக்கலைப் பற்றித் திக்குகிறவர் சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. பலருக்குத் தாங்கள் திக்கியதே தெரியாது, தெரிந்தாலும் மறைப்பார்கள், அதுவும் பதினைந்து மாதம் கழித்து வருகிற நினைவு. இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு அடைப்பு என்று குறித்திருக்கிறார்கள். ஆய்வின் கணக்கில் அது அடைப்புதான்.

நானும் அதைத்தான் சொல்கிறேன். நீ கேட்க விரும்பாததையும் சொல்லிவிடுகிறேன். நீ எப்போதும் இப்படித்தான். ஏழாம் வகுப்பில் வருகைப்பதிவின்போது "உள்ளேன்" சொல்ல முடியாமல் ஒரு மாதம் வராதவன் என்று உனக்குக் குறிப்பு விழுந்தது. அப்பா கேட்டபோது, திக்கவில்லை, கவனிக்கவில்லை என்றாய். லிஃப்ட் கம்பெனி நேர்காணலில் முதல் தடவை தோற்றுவிட்டு வந்து, திக்கவில்லை, பதில் தெரியவில்லை என்றாய். உனக்குப் பதில் தெரியும் என்று எனக்குத் தெரியும், முதல் நாள் அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழக்கியவளே நான்தான். இப்போது இதையும் திக்கவில்லை என்கிறாய். எப்படி நம்புவது?

ஒருவேளை நீ சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் என்னை என்ன செய்தாய் என்று யோசித்தாயா? ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, காலணி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு கையில் போன், ஒரு கையில் வாசலில் கழற்றிய செருப்பு. உள்ளே மூன்று பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். நீ "அப்பா" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாய். வேண்டுமென்றே நின்றாயா? நாற்பத்தொரு விநாடி என்னை அந்தச் செருப்போடு நிறுத்திவைத்தாயா? நான் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணியதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

நீ திக்கினாய் என்பதால்தான் இந்தப் பதினைந்து மாதமும் அதை என்னால் தாங்க முடிந்தது.

விலகல் படிவம் கிடைத்தது. அது உன் உரிமை. உரிய இடத்தில் சேர்ப்பேன்.

அக்கா

*

பிப்ரவரி 24

அக்கா,

சின்னக் கடிதம்தான். நீளமாக எழுத எனக்குத் தெம்பில்லை.

நான் சொல்வதை நம்பாதவர்கள் நிறைய பேர். வாத்தியார் நம்பவில்லை, நேர்காணல் செய்தவர்கள் நம்பவில்லை, அப்பாவே பாதி நாள் நம்பமாட்டார். அந்த வரிசையில் நீ இதுவரை இல்லை. இப்போது போய் நின்றுகொண்டாய். சந்தோஷம்.

வருகைப்பதிவில் பொய் சொன்னேன். நேர்காணலிலும் பொய்தான். இரண்டும் உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். பதின்மூன்று வயதில் சொன்ன பொய்யை எடுத்து வைத்து, அப்பா செத்த அன்று நான் பேசியதை எடை போடுகிறாய். உன் பேராசிரியர் செய்யலாம். அவருக்கு நான் ஏழாம் எண்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நீ எழுதியது எல்லாவற்றையும். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னது இது: "அவன் திக்கினா எனக்குத் தெரியாதா? போனைக் காதுல வச்சிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னான். நீயே சொல்லேம்மாங்கற மாதிரி என்கிட்ட போனை நீட்டினான். நான் வாங்கல. அவளும் வாங்கலேன்னா அவன் என்னதான் செய்வான்?"

இதை உன் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போடுவாய்?

திக்குகிறவன் வார்த்தையை அடுத்தவர் முடித்துவைப்பது தப்பு என்று ஊர் ஊராகச் சொல்கிறாய். மாமா என் வார்த்தையைத்தான் முடித்தார். நீ என் மௌனத்தையே எடுத்து, அதற்கு என்ன அர்த்தம் என்று நீயாக முடிவு செய்து, நூற்றுப்பன்னிரண்டு பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய். மாமாவுக்குத் தட்டு. உனக்கு எதை எறிவது?

தம்பி

*

மார்ச் 9

தம்பி,

முதலில் ஒன்று. இதை எழுதிவிட்டுத் திருத்தப்போவதில்லை. திருத்தினால் அறிக்கை மாதிரி ஆகிவிடும்.

அம்மா போனை வாங்கவில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா? அந்த வரியில் நின்றுவிட்டேன். அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு உன் பதிவுகளைத் திறந்தேன். அந்த ஒன்றை மட்டும் இல்லை, ஆறு மாதத்துப் பதிவுகளையும். நீ திக்கும்போது உன் வலது குதிகால் தரையைத் தட்டும். சின்ன வயதில் சாப்பாட்டு மேசைக்கடியில் என் காலை அதன் மேல் வைத்து அழுத்துவேன், அப்பாவுக்குக் கேட்கக் கூடாது என்று. வேலைக்குப் போட்டுக்கொள்ளும் அந்தக் கனமான பூட்ஸ் எல்லாப் பதிவிலும் கேட்கிறது. ஒவ்வொரு அடைப்பிலும் டக், டக், டக் என்று. நாற்பத்தொரு விநாடியில் ஒரு தட்டுகூட இல்லை. அன்றைக்கும் நீ வேலையிலிருந்து நேராக ஓடிவந்திருந்தாய், பூட்ஸ் போட்டுத்தான் இருந்தாய். நடந்து வருகிற சத்தம் இருக்கிறது.

இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று எழுதினால் நீ ஒருவேளை மன்னித்துவிடுவாய். அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். கட்டுரையை அனுப்புவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். எண்ணிய இரண்டு பேருக்கும் நேரத்தில் அரை விநாடி வித்தியாசம் வந்தது, சரிபார்க்க என்னைக் கேட்கச் சொன்னார்கள். பதினோரு முறை கேட்டேன். இரண்டாவது முறையிலேயே பூட்ஸ் இல்லை என்று உறைத்தது. தரையில் விரிப்பு இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரி நடைபாதையில் ஏது விரிப்பு? மற்ற ஒன்பது முறையும் எதற்குக் கேட்டேன் என்று கேட்காதே.

பூட்ஸ் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் நான். அதனால் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எவ்வளவு அழகான எண், எவ்வளவு சுத்தமான முடிவு. விட மனம் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நீ "அக்கா, அப்பா" என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ திக்குகிறாய், பொறுத்திருக்க வேண்டும் என்றெல்லாம் நான் அப்போது நினைக்கவே இல்லை. முறையும் இல்லை, சத்தியமும் இல்லை. அந்த வார்த்தையை என் வாயால் சொல்ல எனக்குப் பயம். நீ சொல்லாமல் நிற்கும்வரை நின்றுவிடலாம் என்று நின்றேன். பிறகு அதற்குக் காத்திருத்தல் என்று பெயர் வைத்து, ஆராய்ச்சி ஆக்கி, அச்சிலும் போட்டுவிட்டேன். என்மேல் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு முன்னால் உன் கோபம் ஒன்றுமே இல்லை.

நேற்றுப் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. காதும் காதும் வைத்தாற்போல ஒரு வழி சொன்னார். "தம்பிதான் விலகல் படிவம் கொடுத்துட்டாரே. ஏழாம் எண்ணை எடுத்துடுங்க. காரணம் எழுத வேண்டியதில்ல. ஆறு பேரோட கட்டுரை நிக்கும். உங்க உரையும் நிக்கும்." அதாவது நீ கோபத்தில் போட்ட கையெழுத்து எனக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உன்னை அழித்துவிட்டால் என் தப்பும் சேர்ந்து அழிந்துபோகும். நூற்றுப்பன்னிரண்டு பேரும் தாங்கள் கேட்டது அடைப்புதான் என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போவார்கள். எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் பேசாமல் நிற்பார், எதிரே இருப்பவர் என் முறையைப் படித்துவிட்டுக் கல்லாட்டம் பார்த்துக்கொண்டிருப்பார்.

படிவம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, சேர்க்கவில்லை. நீ விலகியிருந்தால் உன் பதிவைப் பற்றி ஒரு வரிகூட எழுத எனக்கு உரிமை கிடையாது, அது தவறு என்று எழுதவும் கிடையாது. அதனால் கேட்கிறேன். விலகலைத் திரும்பப் பெற்றுக்கொள். திருத்தம் எழுதி இதழுக்கு அனுப்புகிறேன், என் பெயரில், தெரிந்தே விட்டேன் என்று. அதற்குப் பிறகு ஏப்ரல் உரை இருக்காது. தலைவர் பதவியும் இருக்காது. பேராசிரியர் என்னோடு பேசுவாரா என்பதே சந்தேகம்.

கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அக்கா

*

மார்ச் 20

அக்கா,

உன் கடிதத்தை வேலை இடத்தில் பிரித்தேன், லிஃப்ட் மேற்கூரையில் உட்கார்ந்துகொண்டு. படித்ததும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே விட்டுவிட்டேன். ஆறு மாடி. யார் தலையிலாவது விழுந்திருந்தால் அந்தப் பாவமும் உன் கணக்கில்தான்.

திக்கினேன் என்று நம்பி நீ செய்திருந்தால் முட்டாள்தனம் என்று விட்டிருப்பேன். இரண்டாவது முறையே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே போன மாதம் எனக்கு அந்தக் கடிதத்தை எழுதினாய். ஏழாம் வகுப்பை எடுத்தாய், நேர்காணலை எடுத்தாய். எப்படி நம்புவது என்று என்னைக் கேட்டாய். அதை நான் மறக்கப்போவதில்லை, மறந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன். அம்மாவிடம் இந்தக் கடிதத்தை மட்டும் படித்துக் காட்டவில்லை. அவளுக்கு நீ ஒரே மகள்.

போன சனிக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். எழுந்து நின்று, அந்த மூன்றாவது ஆள் நான்தான் என்று சொன்னேன். சொன்னேன் என்று எழுத எளிதாக இருக்கிறது. 'அ'வில் மாட்டிக்கொண்டேன். குதிகால் அடித்த அடியில் கீழே நூலகர் மேலே எட்டிப் பார்த்திருப்பார். பதினேழு பேரும் பொறுத்திருந்தார்கள், ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அது அடைப்பு அக்கா. அதில் காத்திருப்பது சரி. உன் முறையில் தப்பில்லை, நீ அதை வைத்த இடம்தான் தப்பு. சொல்லி முடித்ததும் தபால் குமாஸ்தா, அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று கேட்டார். பிடிக்கவில்லை என்றேன். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். படிக்காத மனுஷர் இல்லை, ஆனால் கேட்கத் தெரிந்தவர்.

விலகலைத் திரும்பப் பெறுகிறேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. என்னை எடுத்துவிட்டு நீ தலைவராகி உட்கார்ந்தால் எனக்குப் பொறுக்காது. திருத்தத்தை எழுது. அந்த மாணவியைப் பற்றிப் போட்ட புகாரை வாங்கிக்கொள். நான்கு வகுப்புக்கும் நீயே எழுது, உதவியாளரை விட்டு எழுதவைக்காதே. எழுதி முடித்த பிறகு ஒரு நாள் நேரில் வா. வந்தால் வாய் பேசுவேனா என்று தெரியாது, சண்டையாவது போடலாம்.

ஒரே ஒரு விஷயம். உன் அட்டவணையைப் பார்த்திருக்கிறேன், மேல் வரிசையில் பேசுபவர், கீழ் வரிசையில் கேட்பவர். மௌனம் வந்தால் எப்போதும் மேல் வரிசையில், திக்குகிறவன் பெயரில்தான் போடுவீர்கள். திருத்தத்தில் அப்படிப் போடாதே. அந்த நாற்பத்தொரு விநாடியில் நீயும் வாய் திறக்கவில்லை. இரண்டு வரிசையிலும் போடு. என் பெயரில் பாதி, உன் பெயரில் பாதி.

தம்பி